பெங்களூரில் பழைய ஃபியட் லீனியா: தேடுவதிலிருந்து பராமரிப்பது வரை ஒரு முழு வழிகாட்டி

"லீனியாவா? அது எந்தக் கம்பெனி வண்டிப்பா?" கார் வாங்கிய அன்று சேலத்திலிருந்து மாமா போனில் கேட்ட முதல் கேள்வி இது. ஃபியட் என்றதும் அவர் மனதில் வந்தது பிரீமியர் பத்மினி. இப்படி ஒரு செடான் இருந்ததே பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த கார் இன்று இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது.

ஃபியட் லீனியா இந்தியாவில் 2009 ஜனவரியில் வந்தது. புனே அருகே ரஞ்சன்காவ் ஆலையில் தயாரானது. முதலில் டாடா ஷோரூம்களில் விற்றார்கள், 2012-க்குப் பிறகு ஃபியட் தனியாக விற்கத் தொடங்கியது. 2014-இல் முகம் மாற்றிய மாடல் வந்தது. நாலரை மீட்டருக்கு மேல் நீளம், 500 லிட்டர் டிக்கி, தடித்த தகடு, குழிகளை விழுங்கிவிட்டுப் போகும் சஸ்பென்ஷன். இவ்வளவு இருந்தும் விற்பனை பெரிதாகப் பிடிக்கவில்லை. பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வருவதற்கு முன்பே ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திக்கொண்டது.

நான் 2022-இல் ஒரு 2014 மாடல் டீசல் லீனியாவை 2,30,000 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது 84,000 கி.மீ. ஓடியிருந்தது. நான் தேடிய நாட்களில் அதே வயதுடைய ஹோண்டா சிட்டிக்கும் ஹூண்டாய் வெர்னாவுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். அந்த வித்தியாசத்தை லாபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் ஒரு பகுதி காருக்கே திரும்பப் போக வேண்டிய பணம். கையில் மூன்று லட்சம் இருந்தால் 2,40,000-க்குள் கார் பாருங்கள், மீதி 60,000-ஐத் தொடாமல் வையுங்கள். மொத்தத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் சஸ்பென்ஷன் செலவு வந்ததும் காரைச் சபித்துக்கொண்டே விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

முதல் படி: காருக்கு முன்னால் மெக்கானிக்

இது எல்லாவற்றிலும் முக்கியம். ஸ்விஃப்ட் வாங்கினால் தெருவுக்கு ஒரு மெக்கானிக் கிடைப்பார். லீனியாவுக்கு அப்படி இல்லை. இந்த வண்டியை அடிக்கடி கழற்றிப் பழகிய கை ஒன்று உங்கள் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேறு கார் பார்ப்பது நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது? சாலையில் லீனியாவோ ஃபியட்டின் இன்னொரு காரான புன்டோவோ நின்றால் ஓட்டுநரிடம் பேசுங்கள். இந்த கார் வைத்திருப்பவர்கள் சந்தோஷமாகவே பேசுவார்கள். "வேலை எங்கண்ணா பாக்குறீங்க?" என்று கேட்டால் போதும். எனக்கு லிங்கராஜபுரத்தில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் அப்படித்தான் கிடைத்தார், அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு புன்டோக்காரர் மூலமாக. மெக்கானிக்கைப் பார்த்ததும் இரண்டு விஷயம் கேளுங்கள். கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர், ஃபியட்டுக்கு ஏற்றது, வைத்திருக்கிறாரா? முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் எங்கே வாங்குகிறார்? யோசிக்காமல் பதில் வந்தால் அவர் இந்த வண்டியில் வேலை பார்க்கிறவர்.

இரண்டாம் படி: எந்த எஞ்சின்

மூன்று எஞ்சின்கள் உண்டு. 1.4 லிட்டர் சாதா பெட்ரோல் 90 குதிரைத்திறன். ஆனால் டார்க், அதாவது இழுவிசை, 115 என்.எம். மட்டுமே, வண்டியின் எடையோ கிட்டத்தட்ட 1200 கிலோ. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் பெங்களூரில் இது தள்ளாடும், பெட்ரோலையும் குடிக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டி-ஜெட் 2010-இல் வந்த டர்போ பெட்ரோல். 114 குதிரைத்திறன், 207 என்.எம்., நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஓட்டுவதில் ஆசை உள்ளவர்கள் இதைத் தேடி அலைவார்கள், கிடைப்பது அபூர்வம். பெட்ரோல் வண்டிகளில் இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில் காட்ட முடியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இன்னொன்று, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெரும்பாலான வண்டிகள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எரிபொருள் ரப்பர் குழாய்களை வருடத்துக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ கசிவோ தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

மூன்றாவது 1.3 மல்டிஜெட் டீசல். என் தேர்வு இதுதான். 1248 சிசி, முதலில் 90 குதிரைத்திறனும் 200 என்.எம். டார்க்கும், பின்னால் வந்ததில் 93-உம் 209-உம். இந்த எஞ்சின் குடும்பம்தான் மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா டீசல்களிலும் டாடா விஸ்டா, மான்சா, ஜெஸ்டிலும் ஓடியது. லட்சக்கணக்கான வண்டிகளில் இருந்ததால் உள்ளே உள்ள பல பாகங்கள் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. எல்லாம் அப்படியே பொருந்தாது. எஞ்சின் மவுன்ட், சில குழாய்கள், சென்சார்கள் லீனியாவுக்கென்றே உள்ளவை. ஆனால் "ஃபியட்டுக்கு எஞ்சின் பார்ட்ஸே கிடைக்காது" என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

வருடத்தைப் பொறுத்தவரை 2013-க்குப் பிந்தையதாகப் பாருங்கள். 2009, 2010 வண்டிகளுக்கு 15 வருடம் முடிந்துவிட்டது. அவற்றுக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பரிசோதனைக்கு எடுத்துப் போக வேண்டும், அதுவும் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும்.

மூன்றாம் படி: நேரில் போகும் முன் காகிதம்

வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போடுங்கள். எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ், தகுதிச் சான்று எல்லாம் தெரியும். பிறகு போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூரில் கேமரா அபராதங்கள் ஓனருக்கே தெரியாமல் பத்து, பதினைந்து என்று சேர்ந்திருக்கும். பேச்சு முடிவாகும் நேரத்தில் ஆர்.டி.ஓ.வில் "பி எக்ஸ்ட்ராக்ட்" எடுத்துத் தரச் சொல்லுங்கள். கர்நாடகத்தில் பதிவேட்டு விவரத்துக்கு இதுதான் பெயர். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் இருப்பதோடு ஒப்பிட இது வேண்டும்.

வெளிமாநில வண்டிகளில் நிதானம் தேவை. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதனால் அங்கே வயதான டீசல்கள் மலிவு விலையில் தெற்கே வந்து சேர்ந்தன. விலை ஆசை காட்டும். தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), மறுபதிவு, கர்நாடக வாழ்நாள் வரி எல்லாம் கூட்டினால் அந்த மலிவு கரைந்துவிடும்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது ஓசூரில். ஓசூர்ப் பதிவான டி.என். 70 வண்டி பார்த்து, "இங்கிருந்து அரை மணி நேரம்தானே" என்று வாங்கிவிடுவார்கள். பெங்களூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் கர்நாடகத்தின் கே.ஏ. எண்ணுக்கு மாற்றியாக வேண்டும், வரியும் கட்ட வேண்டும். ஊரில் அப்பா பெயரில் இருந்து அங்கேயே ஓடும் வண்டி என்றால் வேறு விஷயம். இங்கேயே வேலை, இங்கேயே வீடு என்றால் கே.ஏ. வண்டியே வாங்குங்கள்.

நான்காம் படி: வண்டியைப் பார்க்கும் காலை

"நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முந்தின நாளே சொல்லுங்கள். ஹொரமாவில் நான் பார்த்த முதல் லீனியாவுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். டிசம்பர் மாதம், காலை ஆறரைக்குப் போனோம். அண்ணன் வண்டியைத் தொடக்கூட இல்லை. ஓனர் சாவி எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மேல பாரு. கூரையெல்லாம் பனி முத்து முத்தா நிக்குது. பானெட் மட்டும் எப்படிக் காஞ்சிருக்கு?"

கையை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி, சூடேற்றி நிறுத்தியிருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் போய் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார் அண்ணன். தகர டப்பாவுக்குள் சங்கிலியை ஆட்டுவது போன்ற ஒரு கரகரப்பு ஐந்தாறு விநாடி கேட்டு அடங்கியது. டைமிங் செயின் தளர்ந்த சத்தம். சூடான எஞ்சினில் அது மறைந்துவிடும். மல்டிஜெட்டில் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில் நேரத்துக்கு மாற்றாமலோ அளவு குறைந்தோ ஓட்டினால் செயின் நீளும், அதன் டென்ஷனர் தேயும். அந்த வேலை பெரிய வேலை. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டோம்.

குளிர்ந்த ஸ்டார்ட் நன்றாக இருந்தால் அப்படியே ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறங்கள். லேசாகக் காற்று வருவது சகஜம். ரயில் எஞ்சின் போலப் புகை குப்குப்பென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சைலன்ஸர் வாயில் நீலப் புகை தெரிந்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை வேகமாக மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்புப் புகை வந்து தெளிந்தால் பயமில்லை. மிதிக்க மிதிக்கத் திரளாக வந்தால் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வில் அடைப்பு, டர்போ குழாயில் கசிவு, இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஏ.சி.யைப் போட்டு நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் முதலில் மெதுவாகவும் சூடு ஏறினால் வேகமாகவும் சுற்ற வேண்டும். ஒரே வேகத்தில் மட்டும் சுற்றினால் ரெசிஸ்டர் போயிருக்கலாம். சின்ன பாகம்தான், ஆனால் சில்க் போர்டு சிக்னலில் நாற்பது நிமிடம் நிற்கும் ஊரில் அதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சினே சூடேறிப்போகும்.

பெங்களூரில் இன்னொரு சோதனையும் கட்டாயம். 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலை, யமலூர் பக்கமெல்லாம் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்படி மூழ்கியவை கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், கடைசி அரை அடியில் சேற்று நிறக் கோடு தெரிகிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, குழிக்குள் மண்ணும் ஜாக்கியில் துருவும் இருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி மோந்து பாருங்கள். ஈர நாற்றம் வந்தால் விலை பேச வேண்டாம். ஒயரிங்கில் தண்ணீர் ஏறிய காரைப் பின்னால் எந்த மெக்கானிக்காலும் முழுதாகத் திருத்த முடியாது.

அடிபட்ட வண்டியா என்று பார்ப்பது எளிது. எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பெனி முத்திரை இருக்கிறதா, கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அளவா, பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா? டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரில் எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான், அந்தச் செலவைக் கணக்கில் எழுதுங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். நல்ல ரோடு வேண்டாம், கெட்ட ரோடாகப் பாருங்கள். இருபது வேகத்தில் குழி மேல் போகும்போது முன்பக்கம் "டொக் டொக்" என்றால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. இந்த எடைக்கும் இந்த ரோட்டுக்கும் அவை தேயத்தான் செய்யும். அதற்காக வண்டியைத் தள்ள வேண்டாம், விலையைக் குறையுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். இது ஹைட்ராலிக், முனகல் அதிகமானால் கீழே குனிந்து குழாய்களில் ஆயில் ஈரம் தேடுங்கள். நாலாவது கியரில் நாற்பதில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. லீனியாவின் கிளட்ச் பெடல் இயல்பாகவே கொஞ்சம் கனமானது, அதைக் குறை என்று நினைக்க வேண்டாம்.

கிலோமீட்டர் நம்பிக்கையா? சர்வீஸ் ரெக்கார்டு கேளுங்கள். 60,000 காட்டும் வண்டியின் பெடல் ரப்பர் வழவழவென்றும் ஓட்டுநர் சீட் ஓரம் பிய்ந்தும் இருந்தால் மீட்டரை விட அந்த ரப்பர் சொல்வதை நம்புங்கள். கடைசியாக ஸ்கேனர் போட்டுக் கோளாறுக் குறியீடுகள் பாருங்கள். நம் கண் முன்னால் அழித்துவிட்டு, ஒரு சுற்று ஓட்டி, மறுபடி போட வேண்டும்.

ஐந்தாம் படி: விலையும் பெயர் மாற்றமும்

பேரம் பேச ஒரே வழி, மெக்கானிக் எழுதிய செலவுப் பட்டியலை ஓனர் முன் வைப்பது. நான் வாங்கிய வண்டிக்கு முதலில் 2,75,000 சொன்னார்கள். டயர் இரண்டு, லோயர் ஆர்ம் இரண்டு, பேட்டரி என்று எழுதிக் காட்டினேன். அவரும் நியாயமானவர், 2,30,000-க்கு ஒத்துக்கொண்டார்.

பணம் கொடுக்கும் நாளில் தேதியும் மணியும் எழுதி டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த மணிக்கு முந்தைய அபராதம் அவருடையது, பிந்தையது உங்களுடையது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கர்நாடகத்துக்குள்ளேயே கைமாறினால் வாழ்நாள் வரி மறுபடி கிடையாது.

பலர் கோட்டை விடுவது இன்சூரன்ஸில். 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டி இடித்துக்கொண்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. கிளைம் கேட்காததற்குப் பழைய ஓனர் பெற்ற தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் அவருடையது, காரோடு வராது. ஐந்து வருடம் தாண்டிய காருக்கு ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பை, கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்வீர்கள். பிரீமியம் குறைகிறதே என்று ரொம்பக் குறைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: முதல் மாதம்

முந்தைய ஓனர் எல்லாம் மாற்றியதாகச் சொன்னாலும் ஒரே நாளில் எல்லா ஆயிலும் எல்லா ஃபில்டரும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயில், அதன் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், முடிந்தால் கியர் ஆயில். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். மல்டிஜெட்டின் ஆயில் ஃபில்டர் ஒரு மூடிக்குள் இருக்கும் காகித உருளை, வெளியே தெரியாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "ஃபில்டர் புதுசு" என்று பில் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணன் மூடியைத் திறந்து காட்டினார். கறுத்து, மடிப்புகள் ஒட்டிப்போன பழைய உருளை அப்படியே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து கழற்றிய ஃபில்டரைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை.

அடுத்தது சஸ்பென்ஷன். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் வேண்டாம். பிறகு வீல் அலைன்மென்ட். எனக்கு முதல் வருடம் மொத்தம் 52,000 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு பெரிய செலவு எதுவும் வரவில்லை.

தினசரி ஓட்டும் கையும் காலும்

இந்த டீசல் 2000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே சோம்பேறி, டர்போ பிடிக்கும்வரை இழுக்காது. அதற்காக மேம்பால ஏற்றத்தில் அரை கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தினால் கிளட்ச் பிளேட் கரைந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள், முதல் கியரில் முழுசாகக் கிளம்புங்கள்.

நகருக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து ஓடும் டீசலில் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி படியும். மாதம் இரண்டு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வேகமாக ஓடி வந்த வண்டியைச் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், டர்போவுக்கு நல்லது.

ஆயில் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். இந்த எஞ்சின் பிடிப்பது சுமார் 3 லிட்டர்தான், அரை லிட்டர் குறைந்தாலே பெரிய குறை. ஞாயிறு காலை டிப் ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பது எனக்குப் பல் தேய்ப்பது மாதிரி பழகிவிட்டது. சிந்தெடிக் ஆயில்தான் ஊற்றுகிறேன், 8,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலோ அப்போது மாற்றுகிறேன். செயினின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. கூலன்டும் பிரேக் ஆயிலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

மைலேஜ்? பானஸ்வாடியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய்வர எனக்கு லிட்டருக்கு 13 கி.மீ. வரை கிடைக்கிறது. சேலம் போனால் 19 தாண்டும்.

பாகங்கள் எங்கே

எஞ்சின் பாகங்களுக்கு ஜே.சி. ரோடு. பெயரை மட்டும் சொல்லாதீர்கள், பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது அதில் உள்ள எண்ணைப் படம் எடுத்துப் போங்கள். லோயர் ஆர்ம் போன்ற முன்பக்கப் பாகங்களுக்குப் புன்டோவையும் சேர்த்துக் கேளுங்கள், இரண்டும் ஒரே குடும்பம். அசல் பாகங்களை ஜீப் டீலர்களிடமும் விசாரிக்கலாம். ஃபியட்டும் ஜீப்பும் ஒரே குழுமத்து பிராண்டுகள், ஜீப்பின் காம்பஸ் கார் வருவதும் அதே ரஞ்சன்காவ் ஆலையிலிருந்துதான்.

கஷ்டம் வெளிப்பாகங்களில்தான். ஹெட்லைட், பம்பர், டெயில் லாம்ப் எல்லாம் லீனியாவுக்கு மட்டுமே உரியவை, நாளுக்கு நாள் குறைகின்றன. சிவாஜிநகரில் பழைய பாகங்கள் விற்கும் குஜிரிக் கடைகளில் தேடினால் சில நேரம் கிடைக்கும். நான் இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு வலது பக்க ஹெட்லைட்டைப் பார்த்தேன், கிளிப் உடையாத, மங்காத கண்ணாடி. என் வண்டியில் விளக்கு நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் 1,800 கொடுத்து வாங்கி, துணி சுற்றி அலமாரி மேல் வைத்தேன். போன மார்கழியில் அத்திப்பள்ளி தாண்டி ஒரு பைக் உரசியதில் வலது விளக்கு போனது. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருந்தது. அண்ணன் அலமாரி விளக்கை மாட்ட முக்கால் மணி நேரம்தான் எடுத்துக்கொண்டார்.